ஒன்பதாவது செவ்வாய்

புதன்கிழமைக் காலைகளில் ரோசிக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். ராயபுரத்தில் ஏறியதும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் திறந்துவிடுவாள். திரையில் ஒரு நீலக் கோடு. செவ்வாய்க்கிழமைக்கு நேராக அது ஒன்று மட்டும் எழுந்து நிற்கும், மற்ற ஆறு நாளும் மொட்டைத் தரை. தொட்டுப் பார்த்தால் எண் வரும். போன வாரம் இருபத்தெட்டு, இந்த வாரம் முப்பத்தொன்று. அவள் எழுதிய புத்தகத்தில் அத்தனை பக்கங்களை நேற்று யாரோ படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யாரோ என்ன யாரோ! ஜானட்தான். அவளுடைய அக்கா ஜானட்.

இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ரோசிக்குத் தெரியும். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் நாளெல்லாம் பெட்டி நம்பர்களை டைப் அடிக்கிறவளுக்கு, முப்பத்தெட்டு வயதில், ஒரு கோட்டைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கெல்லாம் பதின்மூன்று வருஷமாகக் காணாமல்போன அக்கா இருக்கிறாளா என்ன?

ஜானட் தொலைந்துபோனவள் இல்லை, துரத்தப்பட்டவள். எண்ணூரில் டேங்கர் லாரி மெக்கானிக்காக இருந்த ஜுபைரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவர்கள் அப்பா ஸ்டானிஸ்லாஸ் அவளுடைய பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தார். இந்த வீட்டில் இனி அவள் பேரைச் சொல்லக்கூடாது என்றார். மனுஷன் சொன்னால் சொன்னதுதான், பதின்மூன்று வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை. முதல் வருஷம் ஜானட் எண்ணூரில்தான் இருந்தாள். பிறகு போன் நம்பர் மாறியது. ஐதராபாத் என்றார் ஒருவர், மஸ்கட் என்றார் இன்னொருவர். ரோசி ஃபேஸ்புக்கில் தேடாத பேரில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்தபோது ஒரு தகவல் சொல்லக்கூட விலாசம் இல்லை. அம்மா போய்விட்டாள் என்று இன்றுவரை ஜானட்டுக்குத் தெரியாது. ரோசிக்குச் சோறு இறங்காத நாட்களில் எல்லாம் தொண்டையில் நிற்பது இந்த ஒன்றுதான்.

அதற்காகத்தான் எழுதினாள். ஜானட் படிக்கிற பைத்தியம். வாடகை நூலகத்திலிருந்து நாவல்களை அள்ளிக்கொண்டு வருவாள். எங்கே இருந்தாலும் எதையாவது படிக்காமல் இருக்கமாட்டாள், என்றைக்காவது இதுவும் அவள் கண்ணில் படும். பேரையெல்லாம் மாற்றி, 'பதினேழாம் நம்பர் வீடு' என்று தலைப்பு வைத்து, ஒன்பது அத்தியாயம். பதினேழு அவர்கள் வீட்டு நம்பர். அது போதும் அவளுக்கு.

அச்சுப் புத்தகம் போட யார் வருவார்கள்? மின்புத்தகமாகத் தானே ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது அந்தப் பெரிய கடை ஒரு கேள்வி கேட்டது. தொண்ணூறு நாளைக்கு எங்களிடம் மட்டும் கொடுக்கிறாயா? கொடுத்தால் மாதச் சந்தா கட்டுகிற வாசகர் எல்லாரும் உன் புத்தகத்தைப் படிக்கலாம், தினமும் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று உனக்குக் காட்டுவோம். ஆனால் வேறெந்தக் கடையிலும் அது இருக்கக்கூடாது, சும்மாகூட யாருக்கும் அனுப்பக்கூடாது. மற்ற கடைகளில் போட்டால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று மட்டும் தெரியும். வாங்கியவர் படித்தாரா, பரணில் போட்டாரா, கடவுளுக்கே வெளிச்சம். ரோசி யோசிக்கவே இல்லை. டிக் அடித்தாள்.

முதல் மூன்று வாரம் தெரிந்தவர்கள் நாலு பேர் புரட்டினார்கள். பிறகு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கோடு எழுந்தது. அடுத்த செவ்வாய் மறுபடியும். மூன்றாவது செவ்வாய்க்குப் பிறகு ரோசி எண்களை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் சரியாக ஓர் அத்தியாயம்.

ராயபுரத்து வேதக்காரப் பிள்ளைக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கிழமை. காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். ஒன்பது செவ்வாய் விடாமல் நவநாள் வைத்தால் கேட்டது கிடைக்கும். அம்மாவின் தோடு தொலைந்தபோது அக்காளும் தங்கையும் ஒன்பது செவ்வாய் கோவிலுக்கு நடந்தார்கள், எட்டாவது வாரமே தோடு அரிசி டப்பாவில் கிடைத்தது. "கெடச்சிடுச்சேன்னு வுட்டுடக் கூடாதுடி, ஒம்போதையும் முடிக்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனவள் ஜானட். இப்போது ஒன்பது அத்தியாயத்தை ஒன்பது செவ்வாயாக வேறு யார் படிப்பார்கள்? ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. ஜானட் எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். அம்மா அதற்காகத் தலையில் குட்டியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வாரம் ஓர் அத்தியாயம் என்று பொறுமையாக உட்கார்ந்திருப்பாளா? வயசாகிறது, மாறியிருப்பாள் என்று ரோசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

ஏழாவது கோடு வந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டின்போது மங்கை பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரி, எம்.கே.பி. நகரிலிருந்து வருகிறவள். பிளவுஸ் கட்டிங் பற்றி மின்புத்தகம் போட்டு எல்லாக் கடையிலும் விற்கிறவள் என்பதால் இந்த விஷயத்தில் ஆபீஸுக்கே அவள்தான் அதாரிட்டி.

"வர்ற திங்க இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழமயோட தொண்ணூறு நாளு முடியுது, ஞாபகம் கீதா? அதுக்குள்ள டிக்க எடுக்கலன்னா அதுவா இன்னொரு தொண்ணூறு நாளு போட்டுக்கும்."

"தெரியும்" என்றாள் ரோசி, டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? எடுத்துட்டு எல்லாக் கடைலயும் போடு. மத்த எடத்துல காசே வாணாம்னு சும்மாகூட வெக்கலாம். லைப்ரரில போவும், போன்லயே தொறக்கும். உங்க அக்கா மஸ்கட்லயோ எங்கியோ கீது. சந்தா கட்ட அது கைல கார்டு கீதோ இல்லியோ. நீ ஒரே கடைல பூட்டி வெச்சிகினு அக்கா வரும் அக்கா வரும்னா எங்கேருந்து வரும்?"

"அக்கா படிச்சிகினுதான் கீது, மங்கை."

சொல்லக்கூடாது என்று இருந்ததைச் சொல்லிவிட்டாள். கோட்டைக் காட்டினாள், செவ்வாயைச் சொன்னாள். மங்கை சிரிக்கவில்லை. அதுவே ரோசிக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கெழம எடுத்துட்டன்னா ஒம்போதாவது செவ்வா அன்னிக்கு சந்தால இந்தப் புக்கே இருக்காது. அதான?" என்றாள் மங்கை மெதுவாக.

"அதான். கடசி அத்தியாயத்துலதான் அம்மா செத்துப் பூட்டதே வருது. அத்தப் படிக்காம அக்கா நடுவுல நின்னுடும்."

"இன்னொரு தொண்ணூறு நாளு கட்டிப்போட்டு, அது உங்க அக்கா இல்லன்னா?"

ரோசி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்று முழுக்க மங்கையின் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆனால் கேள்வி போகவில்லை. எட்டாவது செவ்வாய்க்கிழமை பெட்டி நம்பரில் இரண்டு முறை தப்பு வந்து, சூப்பர்வைசர் முறைத்து, இனி உட்கார்ந்து பிரயோஜனமில்லை என்று மூன்று மணிக்குப் பர்மிஷன் போட்டாள். தெருவில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் ஷேர் ஆட்டோவில் போய், நேராக அந்தோணியார் கோவிலில் இறங்கினாள். டிக்கை எடுக்கவா வேண்டாமா, இதை அவரே சொல்லட்டும் என்று நினைத்தாள். தான் ஒரு புத்தகக் கடைச் சமாச்சாரத்தை அந்தோணியாரிடம் கொண்டுபோவது அவளுக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

நவநாள் கூட்டம். வாசலில் பன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் சுற்றி, மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னாலிருக்கிற சிமென்ட் பெஞ்சுப் பக்கமாக வந்தாள். அங்கே ஒரு குரல் கேட்டது. கட்டைக் குரல், எழுத்துக்கூட்டிப் படிக்கிற குரல்.

"பெட்டி படியில உருண்டு போகும்போது... அதுக்குள்ளேருந்து ஒரு சீப்பு தெறித்து விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவளை அப்பா பார்க்கவில்லை."

ரோசி அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் வாக்கியம். எட்டாவது அத்தியாயத்தில்தான் பெட்டி வெளியே போகும். அதற்கு முன்னால் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

படித்துக்கொண்டிருந்தது லூர்து மாமா. அப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்த தோஸ்து. மடியில் அவர் மருமகளுடைய டேப்லெட். பக்கத்தில் கையில் பிய்க்காத பன்னோடு ஸ்டானிஸ்லாஸ். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவரால் எழுத்தைப் பார்க்க முடியாது.

"இருடா" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "அந்தச் சீப்பு ரெண்டு நாளு படிலயே கெடந்துச்சி. நாந்தான் எடுத்தேன். இன்னும் என் டிரங்குப் பெட்டிலதான் கீது. அது ரோசிக்குத் தெரியாது."

லூர்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதைலயாச்சும் வருவாளாடா அவ?"

"கடசிப் பக்கத்தத் தள்ளிப் பாக்கட்டா?"

"வாணாம். நேந்துகினது ஒம்போது. அடுத்த செவ்வாக்கெழம பாப்போம்."

அப்போ ஜானட் இல்லை.

எட்டு வாரமாகப் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரைப் பார்த்துச் சிரித்தாளோ அவள் அந்தக் கோட்டில் எங்கேயும் இல்லை. அந்தப் பன்னைத் தட்டிவிட வேண்டும்போல, டேப்பைப் பிடுங்கிக் கீழே போட வேண்டும்போல ரோசிக்கு ஆத்திரம் வந்தது. துரத்தியது இவர், இப்போது கேட்டு உருகுவதும் இவரா? அக்கா வந்துவிட்டாள் என்று எட்டு வாரம் நம்ப வைத்துவிட்டாரே பாவி மனுஷன்! அடுத்த நிமிஷமே சீப்பு ஞாபகம் வந்தது. அப்பாவும் இவளும் பதின்மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவர் எடுத்து வைத்ததை இவள் பார்க்கவில்லை, இவள் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை.

லூர்து மாமாதான் முதலில் பார்த்தார். "ஐயோ, ரோசி" என்றார்.

ஸ்டானிஸ்லாஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆபீசு போவலியாம்மா?"

"எப்போலேருந்து நைனா இது?"

"மருமவ போன்ல உன் புக்கு படம் வந்துச்சாம். லூர்து சொன்னான். பதினேழாம் நம்பர்னு பேர் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சி." அவர் பன்னைப் பெஞ்சில் வைத்தார். "உன்னாண்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி. அதான் இவன இஸ்துகினு வந்து..."

"அக்கா படிக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன் நைனா. எட்டு வாரமா." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கைக்குட்டை இல்லாமல் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோட்டைப் பற்றியும் தொண்ணூறு நாளைப் பற்றியும் டிக்கைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டார்.

"அவ எங்க கீறாளோ அங்க இந்தக் கடை கீதா?"

"தெரியாது நைனா. இல்லாமகூட இருக்கலாம்."

"எல்லாக் கடைலயும் போட்டா?"

"எங்க இருந்தாலும் கைக்குப் போவும். காசுகூட வாணாம். ஆனா ஒண்ணு, அப்பால யாரு படிச்சா, எத்தன பக்கம் படிச்சா, ஒண்ணியும் தெரியாது. அக்கா படிச்சாலும் நமக்குத் தெரியாது."

ஸ்டானிஸ்லாஸ் பெஞ்சிலிருந்த பன்னைத் தடவி எடுத்து, பிய்த்து, பாதியை அவள் கையில் வைத்தார்.

"நமக்குத் தெரியாட்டி போவுது. அவளுக்குத் தெரியட்டும்."

"அப்போ ஒம்போதாவது செவ்வா என் டேப்புல வராதா?" என்றார் லூர்து மாமா, நிஜமான கவலையோடு.

"நானே வந்து படிக்கிறேன் மாமா."

சொல்வது சுலபம். மறுநாள் பஸ்ஸில், பொய்யென்று தெரிந்தும், அந்த எட்டாவது கோட்டை ரோசி மூன்று முறை திறந்து பார்த்தாள். முப்பது பக்கம். கண் தெரியாத ஒரு கிழவனும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இன்னொரு கிழவனும் சேர்ந்து எழுப்பிய கோடு. அதைக்கூட விட மனசு வரவில்லை. எதுவுமே இல்லாமல் மொட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது? வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. ஞாயிறு பூசைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்த அப்பா, "இன்னாம்மா, எடுத்துட்டியா?" என்றார். "திங்கக்கெழம வரைக்கும் டைம் கீது நைனா" என்றாள். திங்கட்கிழமை மத்தியானம், மங்கை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கை வந்தது. ஒரே ஒரு சின்ன டிக். எடுத்தாள். மங்கை தன் டப்பாவிலிருந்த வறுத்த மீனை எடுத்து இவள் மூடியில் வைத்தாள்.

ஒன்பதாவது செவ்வாய் மறுபடி மூன்று மணிக்குப் பர்மிஷன். அதே பெஞ்ச், அதே பன். ரோசி நடுவில் உட்கார்ந்து போனிலிருந்த தன் பிரதியை வாய்விட்டுப் படித்தாள். அம்மா போகிற இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்து மறுபடி படித்தாள். கடைசியில் அக்கா வருகிறாள். சாயங்காலம், கையில் ஒரு பையோடு, பதினேழாம் நம்பர் வீட்டுப் படியில் நிற்கிறாள். கதவு திறக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

லூர்து மாமா சிலுவை போட்டுக்கொண்டார்.

"நா ஒண்ணியும் சொல்லலியா?" என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ்.

"கதைல சொல்லல நைனா. நீ இன்னா சொல்வன்னு எனக்குத் தெரியல."

"நா சொல்றேன். எழுது."

ரோசி கீபோர்டைத் திறந்தாள். எல்லாக் கடைக்கும் போகப்போகிற பிரதி அதுதான். அன்று சாயங்காலமே ஏற்றிவிடுவதாக இருந்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் தொண்டையைக் கனைத்தார். அந்த வாய் பதின்மூன்று வருஷமாகச் சொல்லாத பேர். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

"ஜானட்டு. அம்மா பூட்டா. நாலு வருசம் ஆவுது. போறப்போ உன் பேரச் சொல்லிகினே போனா. தப்பு என்துதான். உன் சீப்பு என்னாண்ட பத்ரமா கீது. வூடு அதே வூடுதான். மாப்ளையையும் இட்டுகினு வா. இப்படிக்கு நைனா."

ரோசி ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கதைக்குள் மாற்றி வைத்த பேர்களுக்கெல்லாம் நடுவே ஜானட் என்ற நிஜப் பேர் நின்றது. அவளுக்குக் கண் மறைத்தது.

"மொதப் பக்கத்துல போட்டுர்றேன் நைனா. தொறந்ததுமே தெரியும்."

"மொதப் பக்கமா?" ஸ்டானிஸ்லாஸ் தலையை ஆட்டினார். "வாணாம்மா. கடசில போடு. இன்னா புக்கா இருந்தாலும் அவ கடசிப் பக்கத்ததான மொதல்ல படிப்பா. மறந்துட்டியா நீ?"

மறக்கவில்லை. எட்டு வாரமாக மறந்தவள்போல இருந்தாள். அவர் ஒரு நாள்கூட மறந்திருக்கவில்லை.

ரோசி விரலால் தள்ளிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.